சத்தம் கூடினால் சங்கீதம் ஆகிவிடுமா?

ஒரே ஆல்பத்தை மூன்று தடவை காசு கொடுத்து வாங்கும் அதிசயப் பிராணி உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் ராக் ரசிகர். முதலில் இசைத்தட்டு, 1980களில் சிடி, அப்புறம் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று பளபள ஸ்டிக்கரோடு வந்ததும் மறுபடியும் ஒரு தடவை. பழசையும் புதுசையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, "அடேயப்பா, என்ன துல்லியம்! டிரம்ஸ் நெஞ்சில வந்து இடிக்குது!" என்று புளகாங்கிதம் வேறு.

பாவம், இடித்தது துல்லியம் இல்லை. வால்யூம்.

இது ரசிகரின் முட்டாள்தனம் அல்ல, காதின் சுபாவம். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் சரியாக எட்டாது. சத்தத்தை ஏற்றினால் இரண்டும் எழுந்து நிற்கும். அதனால் ஒரே பதிவையே இரண்டு தடவை போட்டு, ஒன்றை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தால், அதுதான் 'நல்ல குவாலிட்டி' என்று தோன்றும். ரெக்கார்டு கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

சிடியில் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. அதைத் தாண்டி ஏற முடியாது. 1990களில் டிஜிட்டல் லிமிட்டர்கள் வந்தன. டிரம் அடி மாதிரியான உச்சிகளை நறுக்கிவிட்டு, மிச்சம் அத்தனையையும் கூரை வரை தூக்கி நிறுத்தலாம் என்று ஆனது. முணுமுணுப்பும் அலறலும் ஏறக்குறைய ஒரே உயரம். 16 பிட் சிடி சுமார் 96 டெசிபல் ஏற்ற இறக்கத்துக்கு இடம் தருகிறது. பத்து மாடி கட்டிவிட்டு எல்லோரையும் மொட்டை மாடியில் நெருக்கி நிற்கவைத்த கதைதான்!

இந்தக் கூத்தின் உச்சம் தி ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்'. 1973ல் வந்த ஆல்பம், டேவிட் போவி மிக்ஸ் செய்தது. ஒல்லியாக ஒலிக்கிறது என்று அதன்மேல் புகார் உண்டு. 1997ல் பாடகர் இக்கி பாப்பே மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார். ராக் சிடிகளிலேயே காதைக் கிழிப்பவை என்று பட்டியல் போட்டால் தவறாமல் இடம்பிடிப்பது அந்தப் பதிப்பு. கடைசியில் என்ன ஆச்சு? 2010ல் போவியின் பழைய மிக்ஸையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

"அப்போ ரீமாஸ்டரே வேண்டாங்கிறீங்களா?" என்று யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வரலாம். அப்படி இல்லை. ஆரம்பகால சிடிகள் பல, மூல நாடாவிலிருந்து அல்லாமல் பிரதியின் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றைத் திருத்தியது நல்ல காரியம். பீட்டில்ஸ் ஆல்பங்கள் 1987ல் சிடியாக வந்தன. 2009ல் அபே ரோடு பொறியாளர்கள் அவற்றை ரீமாஸ்டர் செய்தபோது, ஸ்டீரியோ பதிப்பில் லிமிட்டரை அடக்கமாக வைத்தார்கள், மோனோ பதிப்பில் தொடவே இல்லை. ஆக, சத்தத்தை ஏற்றாமலும் ரீமாஸ்டர் செய்ய முடியும். மற்றவர்கள் செய்யாததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, வியாபாரம்.

நேர்மையாக ஒப்பிட ஒரே வழிதான். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே கேட்க வேண்டும். ஃபூபார்2000 மாதிரி இலவச பிளேயரில் ரீப்ளேகெயின் என்ற வசதி இருக்கிறது, வேலை சுலபம். சத்தம் சமமானதும் பல ரீமாஸ்டர்களின் சாயம் வெளுத்துவிடும். பழைய சிடியில் டிரம் துள்ளும், புதுசில் சப்பென்று அட்டையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் 'புதுசுதான் டாப்பு' என்று பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் சும்மா ஜல்லி.

வேடிக்கை என்னவென்றால், ஸ்பாட்டிஃபை மாதிரி சேவைகள் இப்போது எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. கூரையில் முட்டுகிற ஆல்பத்தை அதுவாகவே கீழே இறக்கிவிடும். நறுக்கிக் கிடைத்த லாபம் போச்சு. நறுக்கியது மட்டும் மிச்சம்!

இதைவிட மோசம், புதுசு வந்ததும் பழசு காணாமல் போவது. 2002ல் ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களை ரீமாஸ்டர் என்று வெளியிட்டபோது, பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் துடைத்துவிட்டு வேறு இருவரை வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். பின்னணியில் ராயல்டி வழக்கு. அசல் வாசிப்பு திரும்பி வர 2011 ஆனது. புத்தகத்தை மறுபதிப்புப் போடும்போது இரண்டு அத்தியாயத்தை வேறொருவரை வைத்து எழுதினால் எந்த வாசகர் பொறுத்துக்கொள்வார்?

ரீமாஸ்டர் வரட்டும், தாராளமாக விற்கட்டும். ஆனால் பழைய பதிப்பும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எது எந்த ஆண்டுப் பதிப்பு என்ற விவரத்தோடு. அதைக் கொடுக்க மறுக்கிற கம்பெனிக்கு ரசிகர் நான்காவது தடவை காசு கொடுக்காமல் இருந்தாலே போதும். ஸ்டிக்கரின் பளபளப்பு தானாக மங்கிவிடும்.