ஒரு துளி மருந்தும் கழுவாத கூடும்

முப்பது ஆண்டுகளாகச் செய்தியறையில் காலம் கழித்தவன் நான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் எச்செய்தியையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று இளைய நிருபர்களுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால், என் வீட்டுப் பறவை விடயத்தில் அந்த விதியை நானே மீறினேன். அதனால் ஓர் உயிர் போயிற்று. பறவை வளர்க்கும் வாசகர்கள் எவரும் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் உள்ள எமது வீட்டின் பல்கனியில் என் இளைய மகள் ஒரு சோடி 'லவ் பேர்ட்ஸ்' வளர்த்து வந்தாள். நம்மவர்கள் அப்பெயரால் அழைப்பது பெரும்பாலும் அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் என்னும் சிறு கிளியினத்தையே. ஆண் பறவையின் அலகைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போல வெண்செதில்கள் தோன்றின. சில வாரங்களில் அவை தேன்கூடு போலத் துளை துளையாகிக் கால்களிலும் பரவின. பறவையை விற்ற கடைக்காரரிடம் சென்றேன். அவர் ஒரு சிரிஞ்சில் நிறமற்ற மருந்தை நிரப்பித் தந்தார்.

"மாட்டுக்குப் போடுற ஊசி மருந்துதான் ஐயா. பிடரியிலை ஒரு துளி விடுங்கோ, எல்லாம் சுகமாயிடும்" என்றார்.

விட்டேன். அன்று மாலையே பறவை கொப்பில் நிற்க இயலாமல் தள்ளாடியது. மறுநாட் காலை கூட்டின் அடித்தட்டில் கிடந்தது. மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது.

மிஞ்சிய பெட்டையை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோதுதான் கணக்கு விளங்கியது. அம்மருந்து ஐவர்மெக்டின். மாடுகளுக்கான 1 சதவீதக் கரைசலில் 1 மில்லிலீற்றர், 50 கிலோ உடல் எடைக்குப் போதுமானது. பட்ஜரிகர் ஒன்றின் எடை ஏறக்குறைய 35 கிராம். அப்படியானால் அதே 1 மில்லிலீற்றர் ஆயிரத்து நானூறு பறவைகளுக்குப் போதும். ஒரு துளி என்பது ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். அதாவது, அந்தச் சின்ன உடலுக்கு உரிய அளவைப் போல எழுபது மடங்கை நான் என் கையாலேயே விட்டிருக்கிறேன்.

மருந்தில் பிழையில்லை. ஜப்பானிய மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட பொருளே அதற்கு அடிப்படை. அந்தக் கண்டுபிடிப்புக்காக சதோஷி ஓமுரா, வில்லியம் காம்பெல் ஆகிய இருவருக்கும் 2015இல் நோபல் பரிசின் ஒரு பாதி வழங்கப்பட்டது. பட்ஜரிகரின் முகத்தில் குடியேறும் செதில் உண்ணிக்கும் அதுவே நல்ல மருந்து. வைத்தியர் பறவையை நிறுத்து, மருந்தை நீர்க்கச் செய்து, உரிய அளவில் இட்டார். இரண்டு வாரங்களின் பின் மீண்டும் இட்டார். பெட்டை பிழைத்துக்கொண்டது.

"கூட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று அவர் கேட்டார். நான் விழித்தேன். நம்மில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஒட்டுண்ணி என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பவை ஒரே இயல்பின அல்ல. செதில் உண்ணி தன் ஆயுள் முழுவதையும் பறவையின் தோலிலேயே கழிக்கிறது. ஆகவே, ஒரே கூட்டில் உள்ள எல்லாப் பறவைகளுக்கும் மருந்திட வேண்டும். மரக்கொப்புகளையும் கூட்டுப்பெட்டியையும் அகற்றிப் புதியன வைப்பது நல்லது. செவ்வுண்ணியோ இதற்கு நேர்மாறு. பகலில் மரவெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கிறது. உணவின்றியே பல மாதங்கள் உயிர்வாழ்கிறது. எனவே பறவைக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. இரவில் கூட்டை வெள்ளைத் துணியால் மூடி, விடியுமுன் பாருங்கள். துணியில் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

எச்சத்துடன் வெளியேறும் கொக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உறைகள், வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் தன்மை பெறுகின்றன. கொழும்பின் ஈரக்காற்றில் அதற்குக் குறைவில்லை. குளோரீன் கலந்த வெளுக்கும் திரவம் அவற்றை அசைப்பதில்லை. கொதிநீரும் முழுமையான உலர்வுமே அவற்றை அழிக்கும். விலை உயர்ந்த கிருமிநாசினியை வாங்கி எச்சம் ஒட்டிய தட்டின்மீது தெளித்துவிட்டு, தொற்று நீங்கியது என்று நம்புவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

முறை எளிது. பறவையை வேறு அறைக்கு மாற்றுங்கள். எச்சத்தைச் சுரண்டிச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியும் முழுதாக வேலை செய்யாது. கம்பிக் கூடாயின் கொதிநீர் ஊற்றுங்கள். பின்னர், வெளுக்கும் திரவம் ஒரு பங்கிற்கு முப்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள். அதனுடன் அமோனியா கலந்த எதனையும் சேர்க்காதீர்கள். நச்சுவாயு உண்டாகும். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட மென்மையானது. பிரித்தானியச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறிய 1986 வரை கனேரிகளை வைத்திருந்தது அதனாலேயே. குளிருக்காக யன்னல்களை அடைத்து வாழும் ரொறன்ரோ, லண்டன் வாசகர்கள் இதனைக் குறிப்பாக மனங்கொள்ள வேண்டும்.

பறவையின் விலையைவிட வைத்தியருக்குக் கொடுக்கும் கட்டணம் அதிகம் என்பதே நம்மைக் கடைக்காரரிடம் அனுப்புகிறது. நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டேன். ஆனால், கூட்டில் அடைத்த உயிர் தனக்கு மருந்து தேடிப் பறக்க முடியாது. அடைத்தவருக்கே அந்தப் பொறுப்பு. வைத்தியரைக் காண வசதியில்லாதவர் பறவை வளர்க்காமல் விடுவதே மேல் என்று இன்று துணிந்து சொல்வேன். பெயரும் அளவும் ஒட்டப்படாத சிரிஞ்சை விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் விற்பது மருந்தல்ல.

பெட்டை இப்போது இல்லை. மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து முதுமையில் இறந்தது. கூடு இன்னும் பல்கனியில் இருக்கிறது, கழுவிக் காயவைத்தபடியே. வேறு பறவை வாங்குவோமா என்று மகளிடம் ஒருமுறை கேட்டேன்.

"முதலில் தராசு வாங்குவோம், அப்பா" என்றாள்.