காத்திருந்த சுவை



அமெரிக்க நாட்டில் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகையில் பெப்பர்மின்ட் ஐஸ்கிரீம் கடைகளுக்கு வரும். செந்நிறமும் வெண்ணிறமும் கலந்த மிட்டாய்த் துண்டுகள் அதில் விரவியிருக்கும். அங்குச் சென்றிருந்த ஒரு டிசம்பரில் நாமும் சுவைத்தோம். உருகிக் கரைந்த பின்னும் நாவில் குளிர் நீங்கவில்லை. குளிரை உணர்த்தும் நரம்பு வாயிலை, புதினா இனத்திலுள்ள மென்தாலும் திறந்துவிடுகிறது. 2002-ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய அறிஞர்கள் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர்.

ஆயினும் அதன் சுவையைக் கூட்டுவது மென்தால் மட்டுமன்று. சிறுவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்த காத்திருப்புமாகும். நாள்தோறும் கிடைப்பின் அதனை எவர் தேடுவர்? கேட்டவுடன் யாவும் வாங்கித் தருகிறோம். அதனால் பிள்ளைகள் எதிர்நோக்கி மகிழும் இன்பத்தை இழக்கின்றனர். விழாவின் இனிப்பு விழாவுக்கே இருக்கட்டும்.