மழைக்கு ஒழுகும் காருக்கு இவ்வளவு மவுசா?

மழை பெய்தால் உள்ளே ஒழுகும். குளிர் காலையில் கிளம்ப முரண்டு பிடிக்கும். இரண்டு பேர்தான் உட்காரலாம். மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. ஆனாலும், "இந்தக் காரை விற்று விடுங்களேன்" என்று யாராவது சொன்னால், சொந்தக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்!

அதுதான் எம்.ஜி.பி. கார். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்.

எம்.ஜி. என்பது "மோரிஸ் கராஜஸ்" என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மோரிஸ் நடத்திய கார் கடையின் பெயர் அது. சைக்கிள் பழுது பார்த்துப் பிழைப்பைத் தொடங்கி, பெரிய கார் முதலாளி ஆனவர் அவர்.

ஆபிங்டன் என்ற ஊரில் 1962-ம் ஆண்டு முதல் 1980-ம் ஆண்டு வரை எம்.ஜி.பி. கார்களைச் செய்தார்கள். மொத்தம் 5 லட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. 1980-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆனால் கார்கள் இன்னும் ஓடுகின்றன.

வேகமா காரணம்?

இல்லை. இந்தக் காரின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 100 மைல். இன்றைய குடும்பக் காரே அதை முந்திவிடும்.

ஆனால் எம்.ஜி.பி.யில் உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும் போல் இருக்கும். துணிக் கூரையை மடக்கிவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். காற்று முகத்தில் அடிக்கும். 40 மைல் வேகம்கூட 80 மைல் போலத் தெரியும். நிதானமாகப் போகும்போதே வேகத்தின் சுகம் கிடைத்துவிடுகிறது!

கைக்கு அடங்கும் எந்திரம்

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் பெரிய காரணம்.

பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நான்கு சிலிண்டர் என்ஜின். இரண்டு கார்புரேட்டர். கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் பல கோளாறுகளை வீட்டு வாசலிலேயே சரி செய்யலாம். தன் கையால் சரி செய்த கார் மீண்டும் உறுமும்போது வரும் மகிழ்ச்சி, காசு கொடுத்து வாங்கக் கூடியதா?

ஓர் எதிரி மட்டும் பொல்லாதவன். அவன் பெயர் துரு! இந்தக் காருக்குத் தனிச் சேஸ் கிடையாது. உடல் தகடுதான் எலும்பும்கூட. துரு பிடித்தால் எலும்பே உளுத்துப் போகும்.

அதற்கும் வழி பிறந்தது. பழைய அச்சுகளைக் கொண்டே புதிய உடல் கூடுகளை 1988-ம் ஆண்டு செய்யத் தொடங்கினார்கள். மற்ற உதிரிச் சாமான்களும் பெரும்பாலும் கிடைக்கின்றன.

பூட்டி வைக்கலாமா?

பழைய காரைச் சிலர் தங்க நகை போல வாங்குகிறார்கள். விலை ஏறட்டும் என்று துணி போர்த்திப் பூட்டி வைக்கிறார்கள். இது சரி அல்ல.

ஓடாத காரில் பெட்ரோல் கெட்டுப்போகும். பிரேக் இறுகிக்கொள்ளும். ரப்பர் வெடித்துவிடும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கார்புரேட்டரின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் முதுமை அடைந்துவிட்டார்கள். கார் வீதிக்கு வந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு வேலை பழகும். அப்பா பானெட்டைத் திறக்க, மகன் விளக்குப் பிடிக்க, மகள் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, தொழில் கை மாறும்.

பழைய கார் என்பதால் எச்சரிக்கை தேவைதான். விபத்தில் காக்கும் காற்றுப் பை இதில் இல்லை. பிரேக்கை அடிக்கடி சோதிக்க வேண்டும். நிதானமாக ஓட்ட வேண்டும்.

ஆனால் ஓட்டத்தான் வேண்டும். பூட்டிக் கிடந்தால் அது வெறும் பொம்மை. ஓடினால்தான் கார்!