விலகிப் போகாத கால்கள்

மறைக்கல்வி வகுப்பில் நல்ல சமாரியன் உவமையை நடித்துக் காட்டச் சொன்னால், குருவாகவும் லேவியனாகவும் நடிக்க எங்களில் யாரும் முன்வருவதில்லை. அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டும் மறுபக்கமாக விலகிப் போகிறவர்கள் அன்றோ அவர்கள்! இதனால் யூத குருக்கள் என்றாலே இரக்கமற்றவர்கள் என்ற எண்ணம் சிறு வயதிலேயே எங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அது தவறு என்பதை வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தோம்.

யூத சமய குருவை 'ராபி' என்பர். நம் ஆண்டவரையும் சீடர்கள் அப்பெயரால் அழைத்தார்கள் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். ஜோக்கிம் பிரின்ஸ் என்பவர் பெர்லின் நகரில் ராபியாக இருந்தவர். ஹிட்லரை எதிர்த்துப் பேசியதால் 1937-ல் ஜெர்மனியைவிட்டு வெளியேற்றப்பட்டார். அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த அவர் அங்கே கறுப்பின மக்கள் படும் பாட்டைக் கண்டார். 1963 ஆகஸ்ட் 28-ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அதே மேடையில் இவரும் பேசினார். பகைமையைவிடக் கொடியது, அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதே என்பதைத் தம் அனுபவத்திலிருந்து எடுத்துரைத்தார்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கிங் அழைத்ததன் பேரில் புளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டின் நகருக்குச் சென்று, இன ஒதுக்கலை எதிர்த்து 16 ராபிகள் சிறை புகுந்தனர். 1965 மார்ச் 21-ல் அலபாமா மாநிலத்தின் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி நகரை நோக்கி வாக்குரிமைக்காக மக்கள் அணிவகுத்தபோது, முன்வரிசையில் கிங்குடன் நடந்தவர்களுள் வெண்தாடியுடன் காட்சியளித்த ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் என்ற ராபியும் ஒருவர். போலந்தில் பிறந்த அவர் தம் தாயையும் சகோதரிகளையும் நாஜிகளின் கொடுமைக்குப் பலிகொடுத்தவர். அன்று நடந்தபோது தம் கால்களே செபித்ததாக உணர்ந்தார் என்பதைப் படித்து வியந்தோம். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

தூர தேசத்துக் கதைதானே என்று எண்ண வேண்டாம். நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. அங்கே அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்த யூதர்களுக்கு மற்றவர்களோடு சமமாக அமரும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. ஒரே கடவுளை, ஒரே மொழியில், ஒரே கூரையின் கீழ் தொழுதவர்களுக்குள்ளேதான் இந்தப் பாகுபாடு!

அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882-ல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். நம் சென்னையில் படித்து வழக்கறிஞரான அவர், காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியைத் தம் தொழுகைக்கூடத்திற்குள்ளேயே கையாண்டார். யார்மீதும் கை ஓங்கவில்லை. தம் மதத்தைவிட்டு ஓடிவிடவுமில்லை. அங்கேயே இருந்து, விடாமல் போராடினார். மெல்ல மெல்லப் பழைய தடைகள் தளர்ந்தன. இன்று அப்பகுதியில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேலம் ராபி அல்லர். கொச்சி யூதர்களிடையே பட்டம் பெற்ற ராபிகளே இல்லை. மூத்தோரே வழிபாட்டை நடத்தி வந்தனர். குரு இல்லாத இடத்தில் குருவின் கடமையைச் சாதாரண விசுவாசி ஒருவர் செய்தார். அப்படியானால் "இதெல்லாம் சாமியார்களும் சிஸ்டர்களும் பார்த்துக்கொள்வார்கள்" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

எங்கள் தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. அப்போது நாங்கள் சிறுமிகள். மக்கள் தங்கியிருந்த ஒரு மண்டபத்தில் சாம்பார் சோறு பரிமாற, தோழியர் சிலர் பெற்றோருடன் சென்றோம். ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வந்த சில பெண்களை, உள்ளே இருந்த ஓர் அம்மா, "நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே படியில் உட்காருங்கள்" என்றார். ஏன் என்று கேட்க அங்கே எவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் வயதுப் பெண் ஒருத்தி சாரலில் நனைந்துகொண்டே படியில் அமர்ந்து சாப்பிட்டாள். நாங்கள் அவளுக்கு இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டோம். அத்தோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

இன்று யோசித்துப் பார்க்கிறோம். சோறு போட்ட கைகள் நல்ல கைகள்தாம். வெள்ளக் காலத்தில் கோயில், மசூதி, மாதா கோயில் என்ற பேதமின்றிக் கதவுகளைத் திறந்துவைத்த நல்லோரை நாம் மறக்கலாகாது. ஆனால் பசி தீர்ந்த பிறகும் அந்தப் பெண் படியில்தானே இருந்தாள்! உணவுப் பொட்டலம் கொடுப்பவரை எல்லோரும் பாராட்டுவர். "ஏன் படியில்?" என்று கேட்பவரை எவரும் பாராட்டார். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்பது கடினம்.

மதத் தலைவர்கள் செபத்தோடு நிற்கட்டும், நியாயம் கேட்பது அரசியல்வாதிகளின் வேலை என்று சிலர் கூறுவர். அப்படியானால் ஆமோஸ், எசாயா போன்ற இறைவாக்கினர்கள் எதற்காக அரசர்களையும் செல்வர்களையும் கண்டித்தனர்? நம் இந்திய ஆயர் பேரவையும் 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளேயே தலித் மக்கள் பாகுபாட்டிற்கு ஆளாவதை ஒப்புக்கொண்டது. ஆயர்களே ஒப்புக்கொண்டதை நாம் மூடி மறைப்பதில் என்ன பயன்?

தோழியரே, செல்மா வரை நாம் நடக்க வேண்டியதில்லை. நம் பங்கில், நம் தெருவில், நம் வகுப்பில் யாராவது படியில் அமர்த்தப்பட்டிருக்கிறார்களா என்று பார்த்தாலே போதும். ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டுதோறும் வரும், ஏரியும் நிரம்பும். மீண்டும் அப்படியொரு மண்டபத்தில் நிற்க நேர்ந்தால், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவோம். அதற்கு இடம் கொடுக்காவிட்டால், நாங்களும் தட்டை எடுத்துக்கொண்டு படியில் அவள் அருகே அமர்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி