பழைய ஆளா? புதிய ஆளா?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். எஃகு உருக்கிப் பெயர் வாங்கிய ஊர். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கும் "ஸ்டீலர்ஸ்" என்றுதான் பெயர். எஃகுக்காரர்கள் என்று பொருள்.

2004, 2005-ம் வருடங்களில் அந்த அணியின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பேசினார்கள். பந்தை யார் கையில் கொடுப்பது? பழைய ஆளிடமா, புதிய ஆளிடமா? இதுதான் வழக்கு.

வழக்கைக் கேட்பதற்கு முன் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இது நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவத்தில் இருக்கும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். 4 முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்துவிட்டால் 6 புள்ளி.

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே ஒருவர் இருப்பார். "ரன்னிங் பேக்" என்பார்கள். நாம் ஓட்டக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாடு பெரும்பாடு! எதிர் அணியில் 11 பேர். யார் கைக்கு அகப்பட்டாலும் கீழே தள்ளுவார்கள். ஒரே பந்தயத்தில் 20 தடவை விழுவார், எழுவார். அடுத்த வாரம் மறுபடியும் அதே அடி. இதனால் 30 வயது ஆனதும் அவரைக் "கிழவர்" என்று சொல்லிவிடுகிறார்கள். நம் வீடுகளில் அந்த வயதில்தான் பல பையன்களுக்குப் பெண் பார்க்கவே தொடங்குகிறோம்!

ஒரு கெஜம்!

பழைய ஆளின் பெயர் ஜெரோம் பெட்டிஸ். எடை 250 ராத்தலுக்கு மேல். எதிரிகளை முட்டித் தள்ளிக்கொண்டு போவார். இரண்டு மூன்று பேர் முதுகில் தொங்கினாலும் நிற்க மாட்டார். ஆகவே அவருக்கு "பஸ்" என்று செல்லப் பெயர்.

1996-ம் ஆண்டு முதல் அவர் பிட்ஸ்பர்க்குக்காக ஓடினார். 2004-ல் வயது 32. கால் தளர்ந்துவிட்டது என்று பேச்சு எழுந்தது. நிர்வாகிகள் டூஸ் ஸ்டேலி என்ற வேறு ஓட்டக்காரரைக் கொண்டு வந்தார்கள். பெட்டிஸ் கோபித்துக்கொண்டு போகவில்லை. சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார். இரண்டாவது ஆளாக இருக்கவும் சம்மதித்தார்.

அந்த ஆண்டின் முதல் பந்தயம். பெட்டிஸ் 5 தடவை ஓடினார். மொத்தம் எத்தனை கெஜம் தெரியுமா? ஒன்றே ஒன்று! ஆனால், அந்த 5 ஓட்டத்தில் 3 தடவை எல்லைக்குள் விழுந்து புள்ளி வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ரசிகர்களுக்குக் கேட்கவா வேண்டும்? "5 ஓட்டத்தில் ஒரு கெஜம்! இவர் இன்னும் எதற்கு?" என்று கேட்கலாம். "18 புள்ளி கொடுத்தவர் அவர்தானே!" என்றும் கேட்கலாம். இரண்டும் ஒரே கணக்குதான். பார்க்கிறவன் மனசுதான் வேறு. அதே ஆண்டில் ஸ்டேலி காயம் அடைந்தார். "கிழவர்" வந்து 941 கெஜம் ஓடினார்.

யாரும் கேளாத பையன்

புதிய ஆளின் பெயர் வில்லி பார்க்கர். கல்லூரியில் படித்தபோது அவரை அதிகமாக ஆட விடவில்லை. 2004-ல் எல்லா அணிகளும் வரிசையாக இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தன. பார்க்கரை ஓர் அணியும் கேட்கவில்லை. பிட்ஸ்பர்க் அவரைப் பிறகு கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் காற்று மாதிரி ஓடுவார். 2005-ம் ஆண்டின் முதல் பந்தயத்தில் பெட்டிஸும் இல்லை, ஸ்டேலியும் இல்லை. இருவருக்கும் காயம். பார்க்கர் கையில் பந்து வந்தது. 161 கெஜம் ஓடினார். அந்த ஆண்டு முழுவதும் சேர்த்து 1,202 கெஜம்!

பெட்டிஸ் என்ன செய்தார்? ஒதுங்கி நின்றார். தேவைப்பட்டபோது வந்தார். டிசம்பரில் அணி தொடர்ந்து 3 பந்தயங்களில் தோற்றிருந்தது. அப்போது சிகாகோவுடன் ஆட்டம். பனி கொட்டுகிறது. தரை வழுக்குகிறது. வேகமாக ஓடுகிறவனுக்கு அங்கே என்ன வேலை? முட்டுகிறவன்தான் வேண்டும். பெட்டிஸ் 101 கெஜம் ஓடினார். அந்த வெற்றிக்குப் பிறகு அணி தோற்கவே இல்லை.

பயிற்சியாளர் பில் கௌவர் செய்தது இதைத்தான். நீண்ட ஓட்டத்துக்கு இளையவர். கடைசி இரண்டு கெஜத்துக்கு மூத்தவர். ரசிகர்கள் "இவரா, அவரா" என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் "இவரும், அவரும்" என்று காரியத்தை முடித்துவிட்டார். இந்த வழக்கில் இரண்டு கட்சியும் தோற்றது என்பதே நம் தீர்ப்பு. மூத்தவரைத் துரத்தச் சொன்னவர்கள் கால்களைப் பார்த்தார்கள், மூளையைப் பார்க்கவில்லை. மூத்தவருக்கே முதலிடம் கேட்டவர்களோ பாசத்தில் ஒரு பையனின் வழியை மறித்தார்கள்.

கை நழுவியது

2006 ஜனவரியில் ஒரு விபரீதம் நடந்தது. இண்டியானாபொலிஸ் அணியுடன் ஆட்டம். பிட்ஸ்பர்க் 21, எதிரி 18. இன்னும் 80 விநாடிதான் பாக்கி. எல்லைக்கு 2 கெஜம். பந்து பெட்டிஸ் கையில். 'முடிந்தது, வெற்றி' என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பந்து நழுவியது!

எதிரி ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். பிட்ஸ்பர்க்கில் இதைப் பார்த்த ஒரு ரசிகருக்கு மாரடைப்பே வந்துவிட்டது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். பென் ராத்லிஸ்பர்கர் என்ற இளம் ஆட்டக்காரர் பாய்ந்து, ஓடியவரின் காலைத் தட்டிவிட்டார். பிறகு எதிரி உதைத்த பந்தும் கம்பத்துக்கு வெளியே போயிற்று. பெட்டிஸ் தப்பினார்.

தோற்றிருந்தால்? அவர் ஓடிய 10 வருடத்தையும் மறந்து, அந்த ஒரு நிமிடத்தைத்தான் ஊர் பேசியிருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டே பெட்டிஸ் ஓய்வு பெற எண்ணினார். "இன்னும் ஒரு வருடம் இருங்கள், உங்களைச் சாம்பியன் பந்தயத்துக்குக் கொண்டு போகிறேன்" என்று அவருக்கு வாக்குக் கொடுத்து நிறுத்தியவர் இதே ராத்லிஸ்பர்கர்தான். வாக்கைக் காப்பாற்றினார். 2006 பிப்ரவரி 5-ந் தேதி "சூப்பர் பவுல்" சாம்பியன் பந்தயம். நடந்த ஊர் டெட்ராய்ட். பெட்டிஸ் பிறந்த ஊர்! மைதானத்துக்குள் முதலில் அவரைத் தனியாக ஓடவிட்டு, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

அன்று பார்க்கர் ஒரே ஓட்டத்தில் 75 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். அதற்கு முன் சூப்பர் பவுலில் 74 கெஜம்தான் சாதனை. பெட்டிஸ் கடைசியில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முட்டி முட்டி நேரத்தைக் கழித்தார். சியாட்டில் அணியை 21-10 என்று வென்றார்கள். பெட்டிஸ் கோப்பையோடு மேடையில் நின்று ஓய்வை அறிவித்தார்.

இன்னொருவர் கதை

இதே ஊரில் முன்பு இப்படி நடக்கவில்லை. பிராங்கோ ஹாரிஸ் என்ற ஓட்டக்காரர் 1972 முதல் ஆடி, 4 சாம்பியன் பட்டங்கள் பெற்றவர். 1984-ல் சம்பளத் தகராறு. அணி அவரை நீக்கிவிட்டது. ஜிம் பிரவுன் என்பவரின் 12,312 கெஜ சாதனைக்கு அவர் மிக அருகில் இருந்தார். சியாட்டிலுக்குப் போய் 8 பந்தயம் ஆடினார். 12,120 கெஜத்தோடு அவர் ஓட்டம் நின்றது. வெறும் 192 கெஜம் பாக்கி!

அவர் அணிந்த 32-ம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி கௌரவிக்க நாள் குறித்தது. 2022 டிசம்பர் 24. அதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார்.

பார்க்கர் என்ன ஆனார்? 2007-ல் 1,316 கெஜம் ஓடினார். ஆண்டு முடியும் தறுவாயில் கால் முறிந்தது. 2008-ல் அணி ரஷார்ட் மெண்டன்ஹால் என்ற புதுப் பையனை எடுத்தது. 2010-ல் பார்க்கர் வாஷிங்டன் அணிக்குப் போனார். பந்தயங்கள் தொடங்கும் முன்பே அங்கும் நீக்கிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 29.

மெண்டன்ஹால் 26 வயதில் தானாகவே ஆட்டத்தை விட்டுவிட்டார்.