ஒரு பம்ப், மூன்று வால்கட்டைகள்



கடந்த கோடை விடுமுறையில் நமது வாலிபர் குழுவாக ஷில்டெஷே பக்கம் ஒபர்சே ஏரியைச் சுற்றிச் சைக்கிளில் போனோம். பதினான்கு பேர், பதினான்கு சைக்கிள், ஒரே ஒரு பம்ப். பாதி வழியில் தம்பி ஒருவனின் பின் ரயர் தளர்ந்துவிட்டது. "பம்ப் இருக்குத்தானே, என்ன பயம்" என்றோம். பம்பின் வாயை வைத்து அடித்தால் காற்று பக்கத்தால் சீறிக்கொண்டு போனது. "அண்ணா, உள்ளுக்குப் போகுதில்லை" என்றான். நாங்கள் இன்னும் பலமாக அழுத்தினோம். வால்வின் மெல்லிய ஊசி வளைந்ததுதான் மிச்சம்.

அவ்வழியே வந்த ஒரு வயதான ஜேர்மன் அம்மா சைக்கிளை நிறுத்தினார். இருக்கைக்குக் கீழே தொங்கிய சிறு பையிலிருந்து விரல் நுனி அளவான பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்தார். வளைந்த ஊசியைப் பக்குவமாக நிமிர்த்தி, அதன் தலையில் இருந்த குட்டித் திருகைத் தளர்த்தி, பித்தளைத் துண்டை மேலே பூட்டினார். அதே பம்ப், அதே ரியூப். ஐந்து நிமிடத்தில் ரயர் கல்லுப் போல ஆகிவிட்டது. "வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இன்னொன்று இருக்கிறது" என்று அந்த அடாப்டரை எங்களிடமே விட்டுப் போனார்.

அன்றிலிருந்து பலர் கேட்டபடியால், இம்முறை நமது பக்கத்தில் வால்வைப் பற்றியே எழுதுகிறோம்.

நம் வீட்டுச் சைக்கிள்களில் மூன்று வகை வால்வுகள் உண்டு. முதலாவது டன்லப். கடைகளில் 'பிளிட்ஸ்வென்டீல்' என்பார்கள். அப்பாவிடம் காட்டிப் பாருங்கள், உடனே அடையாளம் காண்பார். ஊரில் நாம் 'வால்கட்டை' என்று சொன்னதின் உறவு இதுதான். பழைய வகையில் உள்ளே ஒரு சிறு ரப்பர்க் குழாய் இருக்கும். அடிக்கிற காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும், உள்ளே சேர்ந்த காற்று ரப்பரை அழுத்தி வழியை மூடும். ரப்பர் இற்றுப்போனால் காற்று நிற்காது. இப்போது வருகிறவற்றில் ரப்பர்க் குழாய் இல்லை, காற்று அடிப்பதும் இலகு. கழுத்தில் இருக்கும் பெரிய திருகைக் கழற்றினால் முழுக் கட்டையையும் மாற்றலாம், ரியூப் மாற்றத் தேவையில்லை. ஆனால் காற்று அடிக்கும்போது அந்தத் திருகைத் தொடாதீர்கள். இருக்கிற காற்றும் ஒரே மூச்சில் போய்விடும்.

இரண்டாவது ஸ்க்ளாவரான்ட். பிரெஞ்சு வால்வு, பிரெஸ்டா என்பதும் இதுவே. மெல்லியது, 6 மில்லிமீட்டர்தான். ஓட்டப்போட்டிச் சைக்கிள்களிலும் புதிய சைக்கிள்கள் பலவற்றிலும் வரும். உச்சியில் உள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, ஒரு தடவை மெதுவாக அமுக்கி, அதன் பிறகே பம்பை வைக்க வேண்டும். அடித்து முடிந்ததும் திருகை மீண்டும் இறுக்க வேண்டும். திருகைத் திறக்காமல் அடித்தவர்களும், ஊசியை வளைத்தவர்களும் நம்மில் உண்டு.

மூன்றாவது ஷ்ரேடர். இங்கே 'அவுட்டோவென்டீல்', அதாவது கார் வால்வு. தடித்தது, 8 மில்லிமீட்டர். நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு ஊசி இருக்கும். பெற்றோல் நிலையத்திலும் காற்று அடிக்கலாம். ஆனால் அங்கே காற்று மிக வேகமாக வரும், சைக்கிள் ரியூபோ சிறியது. விட்டு விட்டுச் சிறிது சிறிதாக அடியுங்கள்.

புது ரியூப் வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். ஏவி என்றால் கார் வால்வு, எஸ்வி என்றால் ஸ்க்ளாவரான்ட், டிவி என்றால் டன்லப். தொலைக்காட்சி அல்ல! ஸ்க்ளாவரான்டுக்காகத் துளைத்த விளிம்பில் தடித்த வால்வு நுழையாது. டன்லப்பும் கார் வால்வும் ஒரே அளவுத் துளைக்குப் பொருந்தும்.

பம்ப் பொருந்தாவிட்டால் உடனே புதியது வாங்க ஓடாதீர்கள். முதலில் பம்பின் தலையைப் பாருங்கள். பலவற்றில் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று கார் வால்வுக்கு, மற்றது மற்ற இரண்டுக்கும். ஒரு துளை மட்டும் இருந்தால் அதன் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். சில பம்புகளில் உள்ளே இருக்கும் ரப்பரையும் பிளாஸ்டிக் துண்டையும் மறுபுறம் திருப்பிப் போட்டாலே போதும். அதுவும் இல்லாவிட்டால்தான் அடாப்டர். ஸ்க்ளாவரான்டின் மேலும் டன்லப்பின் மேலும் ஒரே அடாப்டர் பூட்டும், பூட்டியதும் வெளியே கார் வால்வுபோல ஆகிவிடும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ரயரின் பக்கத்திலேயே 'பார்' கணக்கில் அச்சிட்டிருக்கும்.

வால்வுகளுக்கும் ஒரு கதை உண்டு. டன்லப் என்பது ஜோன் பொய்ட் டன்லப் என்ற மிருக வைத்தியரின் பெயர். ஸ்கொட்லாந்தில் பிறந்து பெல்பாஸ்ட்டில் தொழில் செய்த அவர், தமது மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வழி தேடி, 1888-இல் காற்று நிரப்பிய ரயருக்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்க வால்வு ஆகஸ்ட் ஷ்ரேடரின் பெயரைச் சுமக்கிறது. அவரோ நம் அயலில் உள்ள ஹனோவரிலிருந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தவர். நாம் வாழும் பீலெஃபெல்ட்டும் சைக்கிளுக்குப் பேர்போன ஊர். 1867-இல் தையல் இயந்திரத்தோடு தொடங்கிய ட்யூர்கொப் தொழிற்சாலை பின்னர் சைக்கிளும் செய்தது. இப்படி ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொருவர் வழியில் வளர்ந்தபடியால்தான் வாய்கள் வேறுவேறாகிவிட்டன. உள்ளே போகிற காற்று ஒன்றுதான்.

ஏரிக்கரையில் நாம் செய்த தவறை இப்போது யோசிக்கிறோம். பம்பில் குறை இல்லை, ரியூபிலும் குறை இல்லை. பொருந்தவில்லை என்று தெரிந்தும் இன்னும் பலமாக அழுத்தினோம். சபையிலும் வீட்டிலும் இதையே செய்கிறோம் அல்லவா? தமிழில் சொன்னது பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், இன்னும் உரத்துத் தமிழில் சொல்கிறோம். பிள்ளை ஜேர்மனில் சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லை என்றால், கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் போகிறோம்.

யோவான் 12-ஆம் அதிகாரத்தில் சில கிரேக்கர் இயேசுவைக் காண விரும்பி வருகிறார்கள். நேரே அவரிடம் போகவில்லை, பிலிப்புவிடம் வருகிறார்கள். பிலிப்பு அந்திரேயாவிடம் சொல்ல, இருவரும் போய் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். பிலிப்பு, அந்திரேயா என்பவை கிரேக்கப் பெயர்கள். இரண்டு பக்கமும் பொருந்தக்கூடிய இருவர் நடுவே நின்றார்கள். அவர்கள் அன்று செய்தது அவ்வளவுதான், ஆனாலும் வேதாகமம் அவர்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறது.

தம்பி தங்கைமாரே, உங்களில் பலர் சிறு வயதிலிருந்தே அடாப்டராக இருக்கிறீர்கள். தபாலில் வந்த கடிதத்தை வாசித்துச் சொன்னவர்கள் நீங்கள். பாடசாலையில் ஆசிரியர் உங்களைப் பற்றியே சொன்ன குறையை அப்பாவுக்கு மொழிபெயர்த்தவர்களும் நீங்கள்தான். எங்களில் ஒருத்தி பன்னிரண்டு வயதில் வைத்தியர் முன் இருந்து, அம்மாவின் நோயின் பெயரைத் தமிழில் சொல்லத் தெரியாமல், "ஒன்றுமில்லையாம் அம்மா" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யை அவள் வருடக்கணக்காகத் தனியே சுமந்தாள். அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, களைப்பா என்று கேட்கவும் இல்லை.

அடாப்டருக்கு உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கிறது. அது தேய்ந்தால் காற்று பக்கத்தால் போகும், நாமோ பம்பைக் குறை சொல்வோம். பெற்றோரே, நோய், வழக்கு, பணம் போன்ற பாரமான காரியங்களுக்குப் பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். சபையில் மொழி தெரிந்த பெரியவர்கள் இருக்கிறோம், கேளுங்கள், கூட வருகிறோம். பிள்ளைகளே, உங்களால் முடியாததை "முடியாது" என்று சொல்லுங்கள், அது பாவமல்ல. முடிந்ததைச் சந்தோஷமாகச் செய்யுங்கள்.

இந்தச் சனிக்கிழமை ஒரு வேலை. வீட்டில் உள்ள எல்லாச் சைக்கிள்களின் வால்வையும் அப்பாவோடு அல்லது அம்மாவோடு சேர்ந்து பாருங்கள். எது டன்லப், எது ஸ்க்ளாவரான்ட் என்று நீங்கள் சொல்லுங்கள். ஊரில் வால்கட்டை மாற்றிய கதையை அவர்கள் சொல்லட்டும். ஓர் அடாப்டரைச் சாவிக் கொத்தில் கோர்த்து வையுங்கள். அடுத்த சவாரியில் நாம் நிறுத்தி உதவ வேண்டிய யாரோ ஒருவர் வழியில் இருப்பார்.