சனிக்கிழமை ஷிப்டும் கம்ப்யூட்டர் போட்டியும்

கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் திருட்டைக் கண்டுபிடிக்கவும் தடுக்கவும் மாணவர்களுக்குப் போட்டிகள் நடக்கின்றன. பயிற்சிகள் நடக்கின்றன. பரிசு உண்டு. நன்றாகச் செய்கிறவர்களைத் தேடி வேலை வருகிறது. பல போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு காசு கூடக் கிடையாது. “யார் வேண்டுமானாலும் வரலாம், கதவு திறந்திருக்கிறது” என்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கதவு வழியே திருப்பூர் பனியன் தொழிலாளியின் மகன் போனானா? பல்லடத்து விசைத்தறித் தொழிலாளியின் மகள் போனாளா? தாராபுரத்தில் நாற்று நடும் தாயின் பிள்ளைக்கு அப்படியொரு கதவு இருக்கும் செய்தியாவது தெரியுமா?

“இது படித்தவர்கள் விஷயம், ஓவர்லாக்கில் உட்காரும் நமக்கு இதில் என்ன?” என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். நிறைய இருக்கிறது. நமது கூலி பாங்குக் கணக்கில் வந்து விழுகிறது. பி.எஃப். பணம் ஓர் எண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. முதியோர் பென்ஷனும் ஆதார் எண்ணோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. இன்றைய திருடன் கன்னக்கோல் வைப்பதில்லை. செல்போனில் கூப்பிட்டு, “பாங்கிலிருந்து பேசுகிறோம், ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்” என்கிறான். 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டு மக்கள் இவ்விதம் பறிகொடுத்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்காரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கோடீசுவரன் தோற்றால் அது கணக்கில் ஒரு வரி. தொழிலாளி தோற்றால் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போயிற்று.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. திருடிய பணத்தை மாற்றிவிட ஏழைகளின் பாங்குக் கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்கள். “பாஸ் புக்கும் கார்டும் கொடு, ஐயாயிரம் தருகிறேன்” என்று ஒருவன் வருவான். பின்னால் போலீஸ் வந்து நிற்பது அவன் வீட்டு வாசலில் அல்ல, நம் பையன் வீட்டு வாசலில்.

பெரிய இடங்களையும் இத்திருடர்கள் விட்டுவைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்குமாக ஏறத்தாழ 20 லட்சம் டாலரை அனுப்பப் போலி உத்தரவுகள் போட்டார்கள். 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் நச்சு நிரல் புகுந்திருந்தது தெரிய வந்தது. முதல் நாள் மறுத்தார்கள். மறுநாள், ஆமாம், ஆனால் உலையை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள்.

ஆனால் திருப்பூர்த் தொழிலாளி நினைவில் வைக்க வேண்டிய கதை வங்காளதேசத்தில் நடந்தது. 2016 பிப்ரவரியில் அந்நாட்டு மத்திய பாங்கு நியூயார்க்கில் வைத்திருந்த பணத்தைக் களவாடத் திருடர்கள் போலி உத்தரவுகளை வரிசையாக அனுப்பினர். அவர்கள் குறி வைத்தது ஏறத்தாழ நூறு கோடி டாலர். தப்பியது போக 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் பறந்தது. இலங்கைக்கு அனுப்ப முயன்ற 2 கோடி டாலர் மட்டும் எப்படி நின்றது தெரியுமா? பணம் பெறும் நிறுவனத்தின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லைத் திருடன் தப்பும் தவறுமாக எழுதியிருந்தான். இடையிலிருந்த பாங்கில் ஒரு குமாஸ்தாவின் கண் அந்தப் பிழையில் நின்றது. அந்நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பகுதி ஆயத்த ஆடை. ஆகவே அந்த டாலரில் பெரும்பங்கு டாக்காவின் தையல் பெண்கள் ஊசி முனையில் சம்பாதித்தது. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பும் நம் ஊரின் பணமும் இதே கம்பி வழியாகத்தான் வருகிறது. அது வழியிலே மறைந்தால், முதலாளி முதலில் நிறுத்துவது யாருடைய போனஸை என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு குமாஸ்தாவின் கண் என்றோம். அந்தக் கண் நம்மிடம் இல்லையா? செக்கிங் மேசையில் நிற்கும் பெண் ஒரு நாளில் எத்தனை உருப்படிகளைப் புரட்டுகிறாள்! ஊசி விட்ட கோடு, எண்ணெய்க் கறை, தையல் தவறிய ஓட்டை, எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் நொடியில் பிடிக்கிறாள். கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்பதும் அடிப்படையில் செக்கிங் வேலைதான். நெய்தவன் எங்கே கண் விட்டான் என்று தேடுவதே அது. அவள் மகளுக்கு அது வராது என்று எவன் சொல்வது?

இனி அந்தப் போட்டி என்னவென்று பார்ப்போம். அதற்குப் பெயர் ‘கொடியைக் கைப்பற்று’. கொடி என்றதும் தோழர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம், இது வேறு கொடி. போட்டி நடத்துவோர் ஒரு கம்ப்யூட்டரின் உள்ளே, பூட்டுக்குப் பின்னால் பூட்டுப் போட்டு, ஓர் இரகசியச் சொல்லை ஒளித்து வைக்கிறார்கள். அதுதான் கொடி. பூட்டின் பலவீனத்தைக் கண்டு, சொல்லை எடுத்துக் காட்டுகிற குழுவுக்குப் புள்ளி. வேறு வகைப் போட்டியில் ஒரு குழு தன் கோட்டையைக் காத்துக்கொண்டே எதிரியின் கோட்டையில் புக வேண்டும். அனுமதி இல்லாமல் பிறர் கம்ப்யூட்டரில் இதைச் செய்தால் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. போட்டியில் செய்தால் பாராட்டு. துறுதுறுப்பான பிள்ளைகளுக்கு இப்படியொரு மைதானம் அவசியம்.

கோவையை அடுத்த எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தின் கேரள வளாகத்தில் ‘இன்சிடிஎஃப்’ என்ற இத்தகைய போட்டி 2010-இல் தொடங்கப்பட்டது. பிறகு பள்ளி மாணவர்க்கும் தனிப் பிரிவு வந்தது. அமெரிக்காவில் கார்னெகி மெலன் சர்வகலாசாலை 2013-இல் ‘பிக்கோசிடிஎஃப்’ என்பதைத் தொடங்கியது. பழைய கேள்விகளை எவரும் காசில்லாமல் போட்டுப் பழகலாம். கார்னெகி என்ற எஃகு முதலாளியின் பெயரை உலகத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. 1892-இல் அவர் ஹோம்ஸ்டெட் ஆலையில் போராடியவர்கள் மீது கூலிப்படை ஏவப்பட்டு ரத்தம் சிந்தியது. ஆனாலும் பாடம் இலவசமாகக் கிடைக்கும்போது வாங்கிக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. மத்திய சர்க்கார் 2005 முதல் இத்துறைக் கல்விக்கென ஒரு திட்டம் நடத்தி வந்திருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் இந்தப் பயிற்சி சேர்ந்தது. ஐ.ஐ.டி.க்களின் ‘என்பிடெல்’ பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டுமே உண்டு. 2019-இல் சென்னையின் லட்சுமண் முத்தையா என்ற இளைஞர் ‘இன்ஸ்டாகிராம்’ கணக்குகளைக் களவாட வழிவிட்ட ஓர் ஓட்டையைக் கண்டு, கம்பெனிக்கே தெரிவித்து, 30,000 டாலர் வெகுமதி பெற்றார்.

இத்தனை இருந்தும் தடை எங்கே? தடை சனிக்கிழமையில் இருக்கிறது!

இந்தப் போட்டிகளில் பல, வாரக் கடைசியில் தொடங்கி 24 மணி நேரமோ 48 மணி நேரமோ இடைவிடாமல் நடப்பவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது விடுமுறை. நம் பிள்ளைக்கோ அதுதான் வேலை நாள். வாரம் முழுதும் கல்லூரி போய்விட்டு, சனி ஞாயிறுகளில் கைமடிக்கோ பேக்கிங்குக்கோ போய் ஒன்றரை ஷிப்டு உழைத்தால்தான் பஸ் செலவும் பரீட்சைக் கட்டணமும் கிடைக்கும். கப்பல் தேதி நெருங்கினால் விடிய விடிய வேலை. அந்தப் பிள்ளையிடம் “கட்டணம் இல்லை, வா” என்பது, பசித்தவனிடம் இலைக்குக் காசில்லை என்பது போலத்தான். போட்டிக்குக் கட்டணம் இல்லாமல் இருக்கலாம். இரண்டு நாள் கூலி என்ற கட்டணத்தை அவன் கட்டியாக வேண்டுமே!

மற்றத் தடைகள் எல்லோரும் அறிந்தவை. செல்போனில் இதைப் பழக முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். கேள்விகள் இங்கிலீஷில். வேலைக்கு மதிப்புத் தரும் சில வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை.

நேர்வழி அடைபட்டால் பிள்ளை சும்மா இருப்பானா? புரோக்கர் வருவான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டு, உலகத்து ஏழை எளியவர்களை ஏமாற்றும் திருட்டு வேலையைச் செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து இறங்கினர். கம்ப்யூட்டர் பழகிய அதே விரல்கள்தான்!

எனவே நாம் கோருவது இது. போட்டிக்கும் பயிற்சிக்கும் போகும் தொழிலாளர் பிள்ளைக்கு, அந்த நாட்களின் ஷிப்டுக் கூலிக்கு ஈடான படியைச் சர்க்கார் தர வேண்டும். ஏற்றுமதியாளர்கள் அதில் பங்கு ஏற்க வேண்டும். காக்கப்படுவது அவர்களது டாலரும்தான். அரசுக் கல்லூரிகள், மேல்நிலைப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் கூடங்கள் மாலையிலும் ஞாயிறன்றும், சம்பளம் பெறும் ஆசிரியரோடு திறந்திருக்க வேண்டும். அறிவிப்புகள் தமிழில் கம்பெனி வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட வேண்டும்.

இது ஆகாத காரியமல்ல. கேரளத்தில் 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் மாணவர் கம்ப்யூட்டர் சங்கங்கள் எழுந்தன. விலை கொடுத்து வாங்க வேண்டாத பொதுவுடைமை மென்பொருளில் அவர்கள் பழகினர். 2022 மே மாதம் மூன்று லட்சம் தாய்மார்களுக்குக் கம்ப்யூட்டர் திருட்டிலிருந்து தப்பும் வழியைக் கற்றுத்தரும் இயக்கத்தில் அந்தப் பிள்ளைகளே ஆசிரியர்களாக நின்றனர். அருகிலுள்ள கியூபா, ஹவானாவுக்கு வெளியே ரஷ்யர்கள் ஒட்டுக்கேட்கும் நிலையம் வைத்திருந்த இடத்தில் 2002-இல் கம்ப்யூட்டர் சர்வகலாசாலை ஒன்றையே எழுப்பிவிட்டது. அருகில் என்றது அமெரிக்காவுக்கு அருகில்!

சர்க்கார் செய்யும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்து காட்டிய ஊர் இது. சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு மாலை, பழைய கம்ப்யூட்டர் நான்கைப் போட்டு, விஷயம் தெரிந்த ஒரு மாணவரை உட்கார வைப்பது அதைவிடக் கடினமா? அந்தப் பிள்ளைகள் முதலில் தங்கள் தாய் தந்தையர்க்கு இரண்டு விஷயம் சொல்லித் தரட்டும்: ஓடிபி எண்ணையும் பாங்குக் கணக்கையும் எவனுக்கும் தராதே. பணம் போய்விட்டால் அழுதுகொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடு. பிறகு கொடிப் போட்டிக்குப் பழகட்டும். பனியன், விசைத்தறி, விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் அடுத்து வரும் கமிட்டிக் கூட்டத்திலேயே இதை எடுத்து, எந்த மாலை, எந்த அறை, யார் பொறுப்பு என்று முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.